நூலிலே தொங்கும் கூரைகள்!

"வீடு வாடகைக்கு விடப்படும்"—

திருப்பூரின் சந்துகளிலே தொங்கும் இந்தப் பலகைகளை எண்ணத் தெரிந்தவனுக்குப் பொருளாதாரப் பேராசிரியர்களின் பாடம் தேவையில்லை. பலகைகள் குறைந்தால், கடலுக்கு அப்பாலே எவனோ ஒரு கடைக்காரன் சட்டைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான் என்று பொருள். பலகைகள் பெருகினால், அவனே ஆர்டரை நிறுத்திவிட்டான் என்று பொருள். நியூயார்க்கிலே கொள்முதல் கணக்கை மூடினால், நெருப்பெரிச்சலிலே அறைக்கதவு பூட்டப்படுகிறது! அங்கே ஒரு பேனா கோடு கிழிக்கிறது. இங்கே ஓர் அடுப்பு அணைகிறது!

நாட்டிலே வாடகையைப்பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டே பேரைக் கூண்டிலே நிறுத்துகிறார்கள். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் குடித்தனக்காரர். "வாடகையை ஏற்றுகிறான் பாவி!" என்கிறார் இவர். "வாடகையைத் தராமல் இழுக்கிறான்!" என்கிறார் அவர். நாட்டாமை செய்ய வருவோரும் இந்த இருவரிலே எவர் பக்கம் சாய்வது என்றே யோசிக்கிறார்கள். சட்டம் செய்தோரும் இந்த இருவரை மட்டுமே மனத்திலே வைத்துச் சட்டம் செய்தார்கள்.

நாம் கேட்கிறோம்: மூன்றாவது ஆள் எங்கே?

வாடகை கொடுக்காமல், வீடு கட்டாமல், வட்டி கட்டாமல், ஆனால் அந்த வீட்டால் பெரும்பயன் அடைகிற மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தொழில் என்று பெயர். பின்னலாடைத் தொழில்! அவர் பெயர் வாடகைச் சீட்டிலே இல்லை, வழக்குக்கட்டிலே இல்லை, சட்டத்திலே இல்லை. ஆனால் திருப்பூரிலே ஓர் அறையின் வாடகை எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் அவர்தான். அவரைப்பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஊர் வளர்ந்தது, வீடு யார் கட்டினார்?

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் திருப்பூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் 8 இலட்சத்து 77 ஆயிரம் பேர். 1980களின் நடுவிலே ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி செய்த ஊர், 2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது. வளர்ச்சி! மறுப்பார் எவருமில்லை. அந்த வளர்ச்சியிலே பெருமை கொள்ளாத தமிழன் இல்லை.

ஆனால், எந்திரத்துக்குக் கூரை போட்டார்கள். துணிக்குக் கிடங்கு கட்டினார்கள். சாயநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். அந்த எந்திரத்தை ஓட்டுகிற மனிதன் இரவிலே எங்கே தலைசாய்ப்பான் என்று கேட்டவர் யார்?

நெய்வேலியிலே நிலக்கரி தோண்ட வந்தார்கள். கூடவே ஒரு நகரியம் எழுந்தது. திருச்சியிலே பாரத மிகுமின் நிறுவனம் வந்தது. கைலாசபுரம் குடியிருப்பு எழுந்தது. அவ்வளவு ஏன், மதுரையிலே நூற்பாலை நடத்திய வெள்ளைக்கார முதலாளிகூட, திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஹார்விபட்டி என்றொரு குடியிருப்புத் தன் ஆலைத் தொழிலாளிக்காக எழும்பச் செய்தான். கருணையால் அல்ல, கணக்கால்! தொழிலாளி பக்கத்திலே இருந்தால்தான் சங்கு ஊதியதும் ஆலைக்கு வருவான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

திருப்பூரிலே அப்படியொரு நிலை பெரிதாக எழவில்லை. ஏன்? எழவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று! நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங்கும் பேக்கிங்கும் வேறோரிடம் என்று தொழில் துண்டுதுண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு சட்டைக்கு ஏழெட்டு முதலாளிகள்! அவர்களிலே எந்த முதலாளி வீடு கட்டுவார்? எவரும் கட்டவில்லை. ஆனால் தென்மாவட்டத்துப் பேருந்திலே ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலிலே வந்தார்கள். வந்தவர்களுக்குக் கூரை கொடுத்தவர் யார்?

தோட்டத்தின் ஓரத்திலே பத்துச் சென்ட் நிலம் வைத்திருந்தவர் கொடுத்தார். இருபதாண்டு ஓவர்லாக் எந்திரத்தின்முன் குனிந்து குனிந்து சேர்த்த பணத்திலே ஆறு அறை கட்டிய தையற்காரர் கொடுத்தார். கணவன் போனபின், கழுத்திலே கிடந்ததை அடகு வைத்துச் சுவர் எழுப்பிய விதவைத் தாய் கொடுத்தாள். அவர்கள் கட்டியதற்கு "லைன் வீடு" என்று பெயர். "காம்பவுண்டு வீடு" என்றும் சொல்வார்கள். வரிசையாக அறைகள், அறைக்குள்ளேயே ஒரு மூலையிலே அடுப்பு, முற்றத்திலே பொதுக்குழாய், கடைசியிலே பொதுக் கழிப்பறை. மாளிகையல்ல; மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசைகள் இல்லையென்றால், அந்த 40,000 கோடி இல்லை!

தொழிற்சாலையின் ஒரு பகுதி தொழிற்சாலைக்கு வெளியே இருக்கிறது, தோழர்களே! அந்தப் பகுதிக்கு முதல் போட்டவர் முதலாளி அல்ல. ஊர்க்காரர் முதல் போட்டார். கூலிக்காரர் வாடகை போட்டார். பயன்மட்டும் போய்ச் சேருகிற இடம் வேறு!

ஒரு சிறு கணக்கு

"வீட்டுக்காரருக்கு என்ன கவலை? மாதம் பிறந்தால் பணம் கொட்டுகிறதே!" என்று சொல்லுவோர் உண்டு. கொட்டுகிறதா, சொட்டுகிறதா என்று பார்த்துவிடுவோம்.

ஆறு அறை கொண்ட ஒரு லைன் வீடு என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு வாடகை 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறும் நிறைந்திருந்தால் மாதம் 21,000. கட்டுவதற்கு வங்கியிலே 12 இலட்சம் கடன், 15 ஆண்டுத் தவணை. வட்டி நூற்றுக்கு 7 வீதம் இருந்தபோது மாதத் தவணை ஏறத்தாழ 10,786 ரூபாய். பின்னர் என்ன ஆயிற்று? 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 விழுக்காடு ஆயிற்று. அதே இரண்டரை விழுக்காட்டை நம் கணக்கிலும் கூட்டுவோம்: வட்டி 9.5, தவணை 12,531! அறையிலே ஒரு செங்கல் கூடவில்லை. தவணையிலே 1,745 ரூபாய் கூடிவிட்டது. அரை அறையின் வாடகை! 2025இல் ரெப்போ வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் இடையிலே கட்டிய வட்டி திரும்பி வரவில்லையே!

இனி அறைகளைக் காலி செய்து பாருங்கள். இரண்டு அறை காலி: வரவு 14,000, தவணைபோக மிச்சம் 1,469. அதிலேதான் மோட்டாருக்கு மின்கட்டணம், கழிவுநீர்த் தொட்டி எடுக்கும் வண்டிக்குக் கூலி, உடைந்த குழாய், சொத்துவரி எல்லாம்! மூன்று அறை காலி: வரவு 10,500, தவணைக்கே 2,031 ரூபாய் பற்றவில்லை. ஆறிலே மூன்று பூட்டு விழுந்தால் வீட்டுக்காரம்மா வட்டிக்கடை வாசலுக்குப் போகவேண்டியதுதான்!

சொத்துவரி சும்மா இருந்ததா? 2022 ஏப்ரலில், சென்னை அல்லாத மாநகராட்சிகளிலே குடியிருப்புக்கான வரி, 600 சதுர அடிக்கு உட்பட்டதற்கு நூற்றுக்கு 25 வீதம் தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு நூறு வீதம்வரை உயர்த்தப்பட்டது. நகராட்சிக்குப் பணம் வேண்டும், சாலை போடவேண்டும், தண்ணீர் தரவேண்டும், ஒப்புகிறோம். ஆனால் அந்த உயர்வு யார் தலையிலே இறங்கியது? வீட்டுக்காரர் தலையிலே இறங்கி, அங்கிருந்து குடித்தனக்காரர் தலைக்குத் தாவியது. ஊரின் தண்ணீரையும் சாலையையும் தன் ஆள்பலத்துக்காகப் பயன்படுத்திக்கொண்ட தொழிலின் தலைக்கு, அந்த வாடகைவழிச் சுமை ஏறவே இல்லை!

மூன்று அடிகள்

கணக்கு ஏட்டிலே போட்டது. காலம் அதை ஊரிலேயே போட்டுக் காட்டியிருக்கிறது.

முதல் அடி 2011 ஜனவரி. நொய்யலாறு சாயத்திலே செத்தது, விவசாயிகள் வழக்காடினார்கள், சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள்! ஆறு சாகக்கூடாது, தீர்ப்பு நியாயமானது. ஆனால் பட்டறையை நம்பி வந்தவன் பெட்டியைக் கட்டினான். அவன் காலி செய்த அறைக்கு வாடகை யார் கொடுத்தார்? ஆற்றைக் கெடுத்தவர் கொடுத்தாரா? இல்லை. அறைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

இரண்டாம் அடி 2020 மார்ச். நாடே பூட்டப்பட்டது. "தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்காதீர்" என்று டில்லி ஆணையிட்டது. நல்ல ஆணை, கருணையுள்ள ஆணை. ஆனால் ஆணை போட்டவர் அந்த வாடகையைத் தாமா கொடுத்தார்? பிறர் பையிலே கைவிட்டுத் தருமம் செய்தார்! பெரிய மாளிகைக்காரருக்கு அது ஒரு மாதம். லைன் வீட்டுக்காரம்மாவுக்கு அது ஓராண்டுக் கடன்.

மூன்றாம் அடி 2025 ஆகஸ்டு 27. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி அன்று நூற்றுக்கு ஐம்பது ஆயிற்று. திருப்பூரின் ஏற்றுமதியிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகும் நாடு அது. அந்த வரி பிறகு எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்பதல்ல இங்கே பேச்சு. அந்த அடி விழுந்தபோது யார் யாருக்கு மருந்து கிடைத்தது என்பதே பேச்சு.

2025 நவம்பர் 12 அன்று ஒன்றிய அமைச்சரவை, ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கு 25,060 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. ஏற்றுமதியாளருக்கு 20,000 கோடி ரூபாய்க் கடனுக்கு உத்தரவாதமும் தந்தது. இரண்டு நாள் கழித்து ரிசர்வ் வங்கி, பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்கள் செப்டம்பர் முதல் டிசம்பர்வரை கட்டவேண்டிய தவணைகளுக்கு அவகாசம் தந்தது. தரட்டும்! வேண்டாம் என்போமா? தொழில் பிழைத்தால்தானே ஊர் பிழைக்கும்!

ஆனால் கேட்கிறோம்: அதே செப்டம்பரிலே, அதே ஆர்டர் நின்றதாலே, அதே ஊரிலே அறை காலியாகி, அதே வங்கியிலே தவணை கட்டமுடியாமல் நின்ற லைன் வீட்டுக்காரம்மாவுக்கு அவகாசம் உண்டா? வாரத்துக்கு ஆறு நாள் ஓடிய எந்திரம் நாலு நாள் ஓட, கூலி குறைந்த தையற்காரத் தம்பிக்கு வாடகையிலே அவகாசம் உண்டா? இல்லை! இருவரும் வாசற்படியிலே எதிரெதிரே நின்றார்கள்.

"தம்பி, தேதி பத்தாச்சுங்களே..."

"அக்கா, கம்பெனி நாலு நாள்தானுங்க ஓடுது. அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்குனதும் கொடுத்துடறனுங்க."

அக்காவின் நெஞ்சிலே கோபம். தம்பியின் நெஞ்சிலே வெட்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இருவரையும் இந்த நிலையிலே நிறுத்திய கைமட்டும் எங்கோ தொலைவிலே!

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைச் சட்டம் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், சென்னை மாகாணத்திலே வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் "நியாய வாடகை" என்றொன்றைப் பேசியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பானால் கட்டடத்தின் மொத்த மதிப்பிலே ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம். கடையானால் 12 வீதம். ஓர் அளவுகோல் இருந்தது. ஆனால் வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கிலே இழுத்தது. வீட்டைப் பூட்டிவைத்தாலும் வைப்பேன், வாடகைக்கு விடமாட்டேன் என்றார்கள் பலர். 2011 கணக்கெடுப்பிலே இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பதினொரு இலட்சம் அளவுக்கு வீடுகள் பூட்டிக்கிடந்தன என்றால், அதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. அதிலே நல்லவை உண்டு. ஒப்பந்தம் எழுத்திலே இருக்கவேண்டும். துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதியவேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குமேல் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைத் துரத்தக்கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் மின்கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும் சுவிட்சும் குடித்தனக்காரர் பொறுப்பு என்றுகூடப் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

நன்று! ஆனால் "நியாய வாடகை" என்ற அளவுகோல் போய்விட்டது. இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை என்றாயிற்று. "இருவரும் சமமாக உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்வர்" என்பது சட்டத்தின் நம்பிக்கை. தீபாவளி ஆர்டர் வேகத்திலே, கையிலே பெட்டியோடு, இரவுப் பேருந்திலே வந்து இறங்கி, காலையிலே கம்பெனிக்குப் போகவேண்டியவன், சமமாக உட்கார்ந்து என்ன பேசுவான்? ஆர்டர் நின்று, மூன்று அறை பூட்டிக்கிடக்க, வந்தவன் கேட்ட விலைக்குத் தலையாட்டும் வீட்டுக்காரம்மா, சமமாக உட்கார்ந்து என்ன பேசுவாள்? நல்ல காலத்திலே இவன் ஒப்புக்கொள்கிறான். கெட்ட காலத்திலே அவள் ஒப்புக்கொள்கிறாள். இரு காலத்திலும் விலை சொல்பவர் வேறொருவர்!

அந்தச் சட்டத்தின் ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்த லைன் வீடு எங்கே என்று தேடினால் கால் வலிக்கும். காரணம் என்ன? ஆறு மாதத்திலே மாறிப்போகும் ஆளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியிலே பதிவு, ஆதார் நகல், கையெழுத்து! வாரக்கூலியிலே ஒருநாளை இழந்து அலுவலகம் போகத் தம்பிக்கும் முடியாது, அக்காவுக்கும் முடியாது. பத்து மாடி அடுக்ககத்துக்கும் பத்தடி அறைக்கும் ஒரே படிவம்! யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவில் செருப்பு தைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவு சொல்லிவிட்டதாலே வீட்டுக்காரர் எல்லாம் வெள்ளை மனத்தினர் என்று நாம் சான்றிதழ் தருவதாக எண்ணவேண்டாம்.

லைன் வீட்டுக்காரர் வேறு. லைன் லைனாக வாங்கிக் குவித்தவர் வேறு. முன்னவருக்கு அது பிழைப்பு. பின்னவருக்கு அது வேட்டை. ஒரே அறைக்கு ஆள்கணக்கிலே, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவர் இருக்கிறார். அறைக்கா வாடகை, ஆளின் மூச்சுக்கா? 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமில்லாமல் தரப்படுகிறது. ஆனால் ஆறு அறைக்கு ஒரே மின் இணைப்பு இருக்கிற இடத்திலே, அந்த நூறும் ஒரே ஒரு முறைதான். உள்ளே சிறு மீட்டர் பொருத்தி, மின்வாரியம் கேட்பதைவிடக் கூடுதலாகக் குடித்தனக்காரரிடம் வாங்குகிறவர் உண்டு. அரசு ஏழைக்குக் கொடுத்தது, ஏழையின் வாசலுக்கு வரும்முன்னரே விலைப்பொருளாகிவிடுகிறது!

இன்னும் ஒன்று; இதுதான் நம் நெஞ்சைச் சுடுவது. "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி! வாடகை எவ்வளவு என்று சொல்லும் முன்னே வருகிற கேள்வி! பேரைக் கேட்டு மதத்தைக் கண்டுபிடித்து, ஊரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடித்து, "நேத்துத்தான் வேறொருத்தருக்கு விட்டுட்டோமுங்க" என்று கதவைச் சாத்துகிற வழக்கம் இந்த மண்ணிலே இன்னும் சாகவில்லை. வடக்கேயிருந்து வந்தவனைக் கண்டால் ஒரு விலை. தனியாக வேலைசெய்யும் பெண்ணைக் கண்டால் ஒரு பார்வை! 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலே குழாய் வாஷருக்கு இடமிருக்கிறது. சாதி பார்த்துக் கதவடைப்பது குற்றம் என்று சொல்ல ஒரு வரிக்கு இடமில்லை!

2023 மார்ச்சிலே, வடமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அச்சம் ஊரெங்கும் ஓடியது. "போகாதே, நான் இருக்கிறேன்" என்று குடித்தனக்காரனுக்குத் தைரியம் சொன்ன வீட்டுக்காரரும் தமிழர்தான். அந்தத் தமிழரைத்தான் நாம் பெருமையோடு நினைக்கிறோம். உழைக்க வந்தவன் எந்த மொழி பேசினால் என்ன? அவன் கூலியும் சனிக்கிழமைதான்; அவன் பசியும் அதே பசிதான்.

என்ன செய்யலாம்?

"சந்தை தானே சரிசெய்துகொள்ளும்" என்பர் சிலர். சந்தை சரிசெய்துகொள்கிறது, ஐயமில்லை. அறை காலியாகிறது, வாடகை இறங்குகிறது, கடன்காரர் வீட்டை விற்கிறார், வசதிக்காரர் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார், ஆர்டர் திரும்புகிறது, வாடகை ஏறுகிறது. சரியாகிவிட்டது! யாருக்கு? ஆறு அறை வைத்திருந்தவர் அறுபது பேர் போய், அறுபது லைன் வைத்திருக்கும் ஆறுபேர் வந்தபின், அந்தச் சரியை யார் கொண்டாடுவது?

வழி இல்லாமலில்லை. திருப்பெரும்புதூர் பக்கம், வல்லம் வடகாலிலே, சிப்காட் 706 கோடியே 50 இலட்சம் ரூபாயிலே 18,720 படுக்கை கொண்ட தொழிலாளர் குடியிருப்பைக் கட்டி, 2024 ஆகஸ்டு 17 அன்று திறந்தது. கைப்பேசி செய்கிற கைக்குப் படுக்கை உண்டென்றால், பனியன் தைக்கிற கைக்கு ஏன் இல்லை? ஒன்றிய அரசும் 2024 ஜூலை வரவு–செலவுத் திட்டத்திலே தொழிலாளர் வாடகை விடுதிகளைப்பற்றிப் பேசியது. பேச்சு செங்கல்லாகட்டும்!

பணம் எங்கே என்பார்கள். கணக்குப் போடுவோம். 40,000 கோடி ஏற்றுமதியிலே நூறு ரூபாய்க்கு 25 காசு! ஆண்டுக்கு நூறு கோடி சேரும். வல்லம் வடகால் செலவுக் கணக்கிலே ஆண்டுக்கு 2,600க்கு மேல் படுக்கை. பத்தாண்டிலே 26,000 பேருக்கு இடம். சிறு ஜாப் ஒர்க் காரரிடம் வாங்கவேண்டாம். அவர் கழுத்திலும் கயிறு இருக்கிறது. ஏற்றுமதிப் பட்டியலிலே வாங்குங்கள். சட்டைக்கு விலை பேசுகிற வெளிநாட்டு வணிகரிடம், "எங்கள் ஊரிலே தையற்காரர் படுக்கையும் சட்டையின் விலையிலே சேரும்" என்று சொல்லுங்கள். துணிக்கு விலை உண்டு, நூலுக்கு விலை உண்டு, பொத்தானுக்கு விலை உண்டு. தூக்கத்துக்குமட்டும் விலை இல்லையா?

ஆனால் ஓர் எச்சரிக்கை! விடுதியின் சாவி கம்பெனியின் கையிலே இருக்கக்கூடாது. இருந்தால், வேலை போன அன்றே படுக்கையும் போகும். கூலி உயர்வு கேட்டவன் அன்றிரவே தெருவிலே நிற்பான். சாவி வீட்டுவசதி வாரியத்திடமோ மாநகராட்சியிடமோ இருக்கட்டும்.

அந்த நிதியிலே ஒரு பங்கு லைன் வீட்டுக்காரருக்கும் போகட்டும். பத்து அறைக்குக் குறைவாக வைத்திருப்பவருக்குக் கழிப்பறை கட்டவும், தனி மின் இணைப்பு வாங்கவும் குறைந்த வட்டிக் கடன். ஊரே ஆர்டரிழந்து கிடக்கும் காலத்திலே, ஏற்றுமதியாளருக்குத் தந்த அதே தவணை அவகாசம். அறை காலியாகக் கிடந்த காலத்துக்கு அலையவிடாத வரித் தள்ளுபடி. பதிலுக்கு அவர் தரவேண்டியது மூன்று: ஒரு பக்க ஒப்பந்தம், மூன்று மாதத்துக்கு மேற்படாத அட்வான்ஸ், எவரென்று கேளாத கதவு. வாடகை அதிகாரி அலுவலகத்திலே காத்திருக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு வரட்டும். தமிழிலும் இந்தியிலும் அச்சிட்ட ஒரே தாள், கட்டணமில்லாத பதிவு, அன்றே கையிலே நகல். இதற்கென்ன, இமயமலையையா பெயர்க்கவேண்டும்?

இவையெல்லாம் நடந்தால் லைன் வீட்டுக்காரருக்கு ஆள் கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சவேண்டாம். தனியாளுக்கு விடுதி, குடும்பத்துக்கு லைன். ஒரே அறையிலே எட்டுப்பேரை அடைக்கும் நிலை போகும். ஆர்டர் வரும்போதெல்லாம் வாடகை துள்ளுவதும் அடங்கும். ஆர்டர் போகும்போதெல்லாம் அறை காலியாவதும் குறையும். ஏறாத வாடகையிலே தம்பிக்கு நன்மை; இறங்காத வருவாயிலே அக்காவுக்கு நன்மை. சண்டைக்கு நின்ற இருவரும் ஒரே பக்கத்தார் என்பது அப்போது விளங்கும்.

திருப்பூர் மாநகராட்சிக்கு 60 வார்டுகள். மாமன்றத்திலே சாக்கடையைப்பற்றிப் பேசுகிறார்கள், தெருவிளக்கைப்பற்றிப் பேசுகிறார்கள், பேசவேண்டியவைதாம். அடுத்த கூட்டத்திலே இந்தக் கேள்வியையும் எழுப்புங்கள்: இந்த வார்டிலே எத்தனை அறை, எத்தனை பூட்டு, எத்தனை பேர் ஓர் அறையிலே? எண்ணித் தெரிந்துகொள்ளாத துன்பத்துக்கு எந்த அரசும் மருந்து தராது. எண்ணுவதற்கு ஆள் வேண்டுமானால், ஒவ்வொரு தெருவிலும் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். கையிலே நோட்டுப்புத்தகத்தோடு அவர்கள் லைன் வீடுகளின் வாசலுக்குப் போகட்டும்; வீட்டுக்காரர் சொல்வதையும் எழுதட்டும், குடித்தனக்காரர் சொல்வதையும் எழுதட்டும். அந்த இரண்டு பட்டியலையும் ஒன்றாகத் தைத்து, மூன்றாவது ஆளின் மேசையிலே கொண்டுபோய் வைப்போம்!